வன்னி வெள்ளரியும் அதன் விதையும்



கண்டி வீதி வழியாக வடக்கு நோக்கிப் பயணஞ் செய்தவர்கள், வவுனியாவைக் கடந்து ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்னும் ஊர்களை அடுத்துச் செல்லும்பொழுது, பருவகாலத்தில் வீதியோரக் கொட்டில்களிலே மஞ்சள் நிறமான நீண்ட பழங்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அவைதாம் வெள்ளரிப்பழங்கள். நன்கு கனிந்த பழத்தின் தோல் தானாகவே வெடித்துப் பாளம் பாளமாகப் பிரிந்து நிற்கும். உள்ளே வெண்மையான சதை அவித்த மாவைப்போலப் பொலபொலவென்று இருக்கும். அதனை வெட்டுவதற்குக் கத்தி வேண்டியதில்லை. கையினாற் பிளந்து, விதையை ஒதுக்கி, சிறிது சீனியோ பனங்கட்டித் தூளோ தூவி உண்டால், வைகாசி வெயிலில் நடந்து வந்த களைப்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

வழிப்போக்கர் அறிந்தது இந்தப் பழத்தை மட்டுமே. வன்னியிலே பிறந்து வளர்ந்தவர்களோ இதனைப் பிஞ்சாகவும் காயாகவும் வற்றலாகவும் ஊறுகாயாகவும் பழமாகவும் அறிவார்கள். இந்த வெள்ளரியை வளர்க்கும் முறை, சமைக்கும் முறை, அதன் விதையைக் காக்கும் முறை ஆகிய மூன்றினையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். முதலிரண்டும் எளியவை. மூன்றாவது எளிதன்று என்பதை என் குடும்பத்தின் அநுபவத்தால் அறிந்துகொண்டேன். அதனைப் பேச்சின் பிற்பகுதியிலே கூறுவேன்.

முதலிலே பெயர்பற்றிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். எங்கள் பக்கத்திலே பச்சையாக அரிந்து சம்பலுக்குச் சேர்க்கும் காயைக் கெக்கரிக்காய் என்கின்றோம். சிங்கள மக்கள் அதனைப் பிப்பிஞ்ஞா என்பர். அவர்கள் கெக்கிரி என்று வழங்குவதோ நமது வெள்ளரியின் இனத்தைச் சார்ந்தது. தமிழகத்துக்குப் போனால் நமது கெக்கரிக்காயையே வெள்ளரிக்காய் என்று விற்பார்கள். பெயர் இவ்வாறு ஊருக்கு ஊர் இடம் மாறினாலும், தாவரவியலார் இவற்றை ஐயமின்றிப் பிரித்திருக்கின்றனர். கெக்கரியின் உயிரணுவிலே 14 நிறமூர்த்தங்கள் உண்டு. நமது வெள்ளரியில் இருப்பவை 24. ஆகையால் இவ்விரண்டும் ஒரே வேலியிலே படர்ந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் கடையிலே வாங்கும் முலாம்பழத்தோடு நமது வெள்ளரி மிக எளிதாகக் கலந்துவிடும். ஏனெனில் அவை இரண்டும் ஒரே இனத்தின் பிள்ளைகள். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். இதனை மறந்ததனால் நான் ஒருமுறை அடைந்த நட்டம் சிறிதன்று.

இனி, மேனாட்டார் 'கேர்க்கின்' என்று விரும்பியுண்ணும் ஊறுகாய்ப் பிஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் கெக்கரியின் சிறு பிஞ்சே. மேற்கிந்தியத் தீவுகளிலே அதே பெயரால் வழங்கும் முள் நிறைந்த சிறு காய் ஒன்றும் உண்டு. அது ஆபிரிக்காவிலிருந்து சென்ற வேறோர் இனம். பிரான்சிலே பாரிஸ் நகரின் பெயரால் வழங்கும் பழைய சிறு பச்சை வகை ஒன்றை இன்றும் வினாகிரியில் ஊறப்போடுகின்றனர். ஜேர்மனியிலே ஸ்பிறேவால்ட் என்னும் நீர்ச்சாலை நிறைந்த பகுதியின் ஊறுகாய்ப் பிஞ்சுகளுக்கு, 1999 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெயர்க் காப்புரிமை வழங்கியிருக்கின்றது. வேறு பிரதேசத்தார் அப்பெயரை இட்டு விற்றல் ஆகாது.

இந்த மேனாட்டுப் பிஞ்சு நமது நாட்டுக்கும் வந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதிக்கென ஒப்பந்த முறையில் இதனை இங்கு பயிரிட்டு வருகின்றனர். அயல்நாடாகிய இந்தியாவிலே இப்பயிர் பெருந்தொழிலாகவே வளர்ந்து, 2020-21 நிதியாண்டில் 20 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வருவாயை ஈட்டிற்று. விதை நிறுவனத்தாருடையது, விலையும் முன்னரே பேசப்பட்டது. பிஞ்சு ஓரிரு நாளிற் பருத்துவிடும் ஆதலால், நாள்தோறும் விடியற்காலையிலே பறித்து, அளவுவாரியாகத் தெரிந்து கொடுக்க வேண்டும். சிறுத்த பிஞ்சுக்கே விலை அதிகம். கைக்குக் காசு விரைவில் வருவதால் இது பல குடும்பங்களுக்கு உதவியதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அதன் விதை பெரும்பாலும் கலப்பின விதையாகும். அதன் காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து மறுபோகத்திற்கு விதைத்தால், தாயைப்போலப் பிள்ளை வராது. ஒவ்வொரு போகத்திற்கும் உழவன் விதைக்காகப் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும். நமது வெள்ளரியோ தலைமுறை தலைமுறையாக நமது முற்றத்திலேயே விளைந்து, நமது முற்றத்திலேயே விதையாகி வந்தது. அஃது எவ்வாறு விளைந்தது என்பதை இனிக் கூறுகின்றேன்.

ஆண்டொன்றுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தை நமது நாட்டில் வறள் வலயம் என்பர். வன்னி முழுவதும் அவ்வலயத்திலே அடங்கும். அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலே பெய்து தீர்ந்துவிடும். அந்நீரைக் குளங்களிலே தேக்கிப் பெரும்போக நெல்லை விளைவிப்பது எங்கள் வழக்கம். தை, மாசியிலே அறுவடை முடிந்ததும், வயலின் அடிமண்ணிலே எஞ்சி நிற்கும் ஈரத்தை வீணாக்காமல், ஓரத்துத் தறைகளிலும் கிணற்றடித் தோட்டத்திலும் வெள்ளரி போடுவார்கள். மழை மிகுந்தால் அழுகும். ஈரம் முற்றாக அற்றால் வாடும். இரண்டிற்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தையே இக்கொடி தனதாக்கிக் கொண்டது.

நடுகை முறை கடினமானதன்று. ஒரு முழ அகலமும் ஓரடி ஆழமுமுள்ள குழிகளை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் வெட்டி, உக்கிய மாட்டெருவையும் மேல்மண்ணையும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறவிட வேண்டும். விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு நான்கைந்து வீதம் விரலளவு ஆழத்திற் குறைவாகவே ஊன்ற வேண்டும். ஒரு வாரத்தினுள் முளை தோன்றும். இலை மூன்று நான்கு விட்டதும் திடமான இரண்டு கன்றுகளை நிறுத்தி, மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். கொடி ஓடும் நிலத்திலே வைக்கோலைப் பரப்பினால் ஈரம் காயாது. காயும் மண்ணிற் படாது. நீரை இலையின்மீது தெளிக்காமல் அடியிலே வார்ப்பது சாம்பல் நோயையும் அழுகலையும் குறைக்கும்.

முதலிலே பூப்பவை ஆண்பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு, கொடி மலடு என்று பிடுங்கி எறிந்தவர்களையும் நான் அறிவேன். சில நாள் பொறுத்தால், அடியிலே சிறு பிஞ்சினைத் தாங்கிய பூக்கள் வரும். தேனீக்கள் காலையில் வந்துபோனால்தான் அப்பிஞ்சு தங்கும். ஆதலால் பூக்கும் காலத்திலே காலை வேளையிற் பூச்சிமருந்து தெளிப்பவர் தமது கையாலேயே தமது விளைச்சலைக் குறைத்துக்கொள்கின்றார். இளங்கன்றைத் தின்னும் செவ்வண்டிற்கு, பனி காயுமுன் இலையின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். அது இன்றும் பயன்தருவதே. பிஞ்சிலே முட்டையிட்டுப் புழு வைக்கும் பழ ஈயோ பெரும் பகைவன். பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே கடதாசிப் பையினால் மூடிக் கட்டுவதும், புழு விழுந்த காயை எறிந்துவிடாமல் ஆழமாகப் புதைப்பதுமே அதனை அடக்கும் வழி. எறிந்துவிட்ட காய் அடுத்த தலைமுறை ஈக்களுக்குத் தொட்டிலாகும்.

பழம் கனிந்ததை அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. நிறம் மஞ்சளாகும், மணம் எழும், காம்பு தானாகவே கழன்றுவிடும். இருக்கு வேதத்தில் வரும் மிருத்யுஞ்சய மந்திரம், மரணப் பிணிப்பினின்று விடுபடுவதற்கு இக்குலத்துக் கனியொன்று காம்பினின்று விடுபடுவதையே உவமையாக்கியிருப்பதைப் பெரியோர் எடுத்துக் கூறுவர். கெக்கரிக்காய் பழுத்தாலும் காம்பை எளிதில் விடாது. வெள்ளரியோ கைபட்டதும் கழன்று வந்துவிடும். தோட்டத்திலே இதனைக் கண்டவர்க்கு அந்த உவமையின் பொருத்தம் நன்கு விளங்கும்.

இனி அடுப்படிக்கு வருவோம். எதனைச் சமைப்பதற்கு முன்னரும் காம்புப் பக்கத்திலே ஒரு சிறு துண்டை அரிந்து சுவைத்துப் பார்க்க வேண்டும். நீர் காணாது வாடிய கொடியிற் காய்த்தவை சிலவேளைகளிற் கசக்கும். அக்கசப்பு காம்புப் பக்கத்திலேயே அதிகம். இலேசான கசப்பாயின் அப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டால் போதும். நாவிலே நிற்கும் கடுங்கசப்பாயின் காயையே எறிந்துவிடுக. அது வயிற்றுக்குக் கேடு செய்யும்.

விரலளவுப் பிஞ்சை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பச்சையாகவே உண்ணலாம். கையளவு வளர்ந்த காயைப் பாற்கறியாக்குவது எங்கள் வீடுகளின் வழக்கம். காயைத் தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, பெருந்துண்டுகளாக வெட்டிக்கொள்க. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு கப்பிப்பாலிலே அவியவிடுக. காய் தன்னிடத்து மிகுந்த நீரை உடையதாதலின், பாலைக் குறைத்தே விட வேண்டும். துண்டுகள் கண்ணாடிபோலத் தெளிந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்தவுடன் இறக்கி, சூடு தணிந்தபின் தேசிக்காய்ப் புளி சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும். சிவப்பரிசிச் சோற்றுக்கும் கருவாட்டுப் பொரியலுக்கும் இதனைவிட இசைவான கறி வேறில்லை என்பது என் துணிபு.

முற்றிய காயைப் பழப்புளியும் வறுத்தரைத்த மல்லியும் சேர்த்துப் புளிக்கறியாக்கலாம். மிஞ்சிய பிஞ்சுகளை வட்டமாக அரிந்து, உப்பிட்ட மோரிலே ஓரிரவு ஊறவைத்து, பகலில் பாயிலே காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரிலிட்டு, மோர் வற்றும்வரை இவ்வாறு செய்து வந்தால், மழைக்காலத்துக்கு வற்றல் ஆயிற்று. தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டெடுத்தால் நொறுநொறுக்கும். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலே இதே குலத்தைச் சேர்ந்த மிதுக்கங்காயை வற்றலாக்குவதும் பெரும்பாலும் இவ்வாறே.

மேனாட்டுப் பிஞ்சைப்போல ஊறுகாயும் செய்யலாம். ஒரு லீற்றர் நீரைக் காய்ச்சி ஆறவைத்து 50 கிறாம் உப்பைக் கரைத்துக்கொள்க. சுண்டுவிரலளவுப் பிஞ்சுகளைக் கழுவி, பூ இருந்த நுனியைச் சிறிதே நறுக்கிவிட வேண்டும். காயை மென்மையாக்கும் நொதி அந்நுனியிலேயே இருக்கின்றது. அதனை விட்டுவிட்டால் ஊறுகாய் குழைந்துபோகும். உள்ளிப்பல், மிளகு, ஓரிரு செத்தல் மிளகாய் ஆகியவற்றோடு பிஞ்சுகளைக் கண்ணாடிப் போத்தலில் அடுக்கி, உப்புநீர் மேலே நிற்கும்படி விட்டு, ஒரு சிறு தட்டினால் அமுக்கி வைக்க வேண்டும். எங்கள் வெப்பத்திலே நான்கைந்து நாளில் நீர் கலங்கிப் புளிப்பு ஏறிவிடும். வினாகிரி ஒரு துளியும் வேண்டியதில்லை. நீருக்கு மேலே தலைகாட்டும் பிஞ்சு பூஞ்சணம் பிடிக்கும் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

பழத்தைப் பற்றி முன்னரே சொன்னேன். வீட்டிலே விருந்தினர் வந்தால், சதையை வழித்துத் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் கரைத்து, ஒரு சிட்டிகை ஏலப்பொடி தூவிக் கொடுப்பதுண்டு. கேரளத்திலே கொடுங்கல்லூர்ப் பகுதியிலும் இவ்வாறே வெடிக்கும் வெள்ளரியைப் பொட்டுவெள்ளரி என்று வழங்கித் தேங்காய்ப்பாலிலே கலந்து அருந்துகின்றனர். அப்பழத்துக்கு 2023 ஆம் ஆண்டிலே இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது நாட்டிலே கறுவா 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அத்தகைய பதிவைப் பெற்றிருக்கின்றது. வன்னி வெள்ளரிக்கும் ஒருநாள் அந்தப் பேறு வாய்க்கலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு முன்னர், கையில் விதை இருக்க வேண்டுமன்றோ? விதையின் கதைக்கு இப்பொழுது வருகின்றேன்.

என் தாயாரின் வீடு நெடுங்கேணியை அடுத்த ஒரு சிற்றூரிலே இருந்தது. வெள்ளரிக்கொடியிலே முதற்பழம் பிள்ளையார் கோயிலுக்கு. நடுவிலே காய்த்த நல்ல பழம் விதைக்கு. கடைசியிலே காய்ப்பவை மாட்டுக்கு என்பது அவர் வகுத்திருந்த சட்டம். விதைக்கென நிறுத்திய பழத்தைச் சுண்ணாம்புக் கோடிட்டு அடையாளஞ் செய்வார். பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் அதனைத் தொடவிடமாட்டார். அப்பழம் கொடியிலேயே முற்றக் கனிந்தபின், விதையைச் சதையோடு சட்டியிலே போட்டு ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவுவார். மிதப்பவை பதர், அமிழ்பவையே விதை. அவற்றை நிழலிலே உலர்த்தி, சாம்பலிற் பிசறி, சுரைக்குடுவையில் இட்டு வாயை அடைத்து, அடுப்படிப் பறணிலே புகைபடும்படி கட்டித் தொங்கவிடுவார். ஈரமும் பூச்சியும் அணுகா. இன்றைய விதை விஞ்ஞானம் கூறும் விதிகளுட் பெரும்பாலானவை அந்தப் பறணிலே தொங்கின என்பதைப் பிற்காலத்திலே நூல்களைப் படித்தபோது அறிந்து வியந்தேன்.

2008 ஆம் ஆண்டின் யுத்தச் சூழலிலே அவ்வூரார் அனைவரும் இடம்பெயர்ந்தனர். என் தாயாரும் கையிற் கொள்ளக்கூடியவற்றை மட்டும் கொண்டு புறப்பட்டார். இடம்மாறி இடம்மாறி, 2009 ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து நலன்புரி முகாமை அடைந்தார். 2010 இல் ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்திலே அத்திவாரமும் கிணறுமே எஞ்சியிருந்தன. பறணும் இல்லை, குடுவையும் இல்லை. இழந்தவற்றோடு ஒப்பிட்டால் ஒரு பிடி வெள்ளரி விதை ஒரு பொருளன்று. உயிர்களையே இழந்த குடும்பங்களின் நடுவிலே அதனைப் பற்றிப் பேசவும் நாணமாயிருந்தது. ஆயினும், நிலத்தைத் துப்புரவாக்கிய முதல் மாசியிலே தாயார் வெறுங்கையோடு தறை ஓரத்திலே நெடுநேரம் நின்றதை நான் கண்டேன். நான் பல ஆண்டுகளாக வவுனியா நகரிலே ஆசிரியப் பணியிலிருந்தவன். போகவரத்துள்ள காலங்களில் ஒரு பிடி விதையைக் கேட்டு வாங்கி வைக்க எனக்குத் தோன்றியதில்லை. அது எப்போதும் அங்கே இருக்கும் என்றே எண்ணியிருந்தேன்.

அடுத்த ஆண்டு தை மாதத்திலே, செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா தமக்கையைப் பார்க்க வந்தார். மடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து என் கையிலே தந்தார். "இது கொம்மா தந்த விதைதான் தம்பி. அந்த நாளையிலை தந்தவ. நான் வருசாவருசம் போட்டு எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். தாயாரோ தாம் கொடுத்ததையே மறந்திருந்தார். பொட்டலத்தை விரித்து, விதையை உள்ளங்கையிற் கொட்டி, ஒன்றைப் பல்லாற் கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஊறவைக்கத் தண்ணீர் எடுக்கப் போனார்.

நேயர்களே, இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். மிகுந்த கவனத்தோடு காத்து வைத்த விதை போயிற்று. கணக்குப் பாராமற் கொடுத்துவிட்ட விதை மிஞ்சிற்று. பறணும் குடுவையும் சாம்பலும் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கும். ஊரையே பெயர்க்கும் இடரைத் தடுக்கமாட்டா. அத்தகைய இடரைத் தாண்டி வருவதற்கு விதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் வேண்டும்.

பின்னர் 2022 ஆம் ஆண்டிலே பொருளாதார நெருக்கடி வந்தது. உரமும் எரிபொருளும் உணவும் அரிதாயின. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச அலுவலர் பலருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்ட காலம் அது. எங்கள் பாடசாலையிலும் ஒரு தோட்டம் தொடங்கினோம். வெள்ளரி விதையை மாணவருக்குப் பத்துப்பத்தாகக் கடன் கொடுத்தோம். போகம் முடிந்ததும் இருபது விதையைப் பாடசாலைக்குத் திருப்பித் தர வேண்டும். பத்து விதையை வேறொரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். எந்த விதை எவருக்குப் போயிற்று என்பதை மாணவரே ஒரு கொப்பியில் எழுதி வந்தனர். வட்டியோடு கடன் அடைக்கும் இக்கணக்கு அவர்களுக்கு வேடிக்கையாயிருந்தது.

இவ்விடத்திலே என் தவறு ஒன்றையும் ஒளியாமற் கூற வேண்டும். அடுத்த ஆண்டிலே, கடையில் வாங்கிய முலாம்பழத்தின் விதைகளைத் தோட்டத்தின் மற்றொரு மூலையிலே ஊன்ற நானே இடங்கொடுத்தேன். அப்போகத்திலே வெள்ளரிப்பழம் வழக்கம்போலவே இருந்தது. ஆனால் தேனீக்கள் தமது வேலையைச் செய்துவிட்டன. அப்பழங்களின் விதையை மறுஆண்டு விதைத்தபோது, உருண்டையும் நீள்வட்டமுமாகப் பலவகைக் காய்கள் தோன்றின. வெடிக்கும் பழம் ஒன்றிரண்டே. பாடசாலை வைத்திருந்த விதை கெட்டுப்போயிற்று. கொப்பியைப் புரட்டினோம். தொலைவான ஒரு கிராமத்திலிருந்து வரும் மாணவியின் வீட்டிலே பழைய விதை தூய்மையாக இருந்தது. அயலிலே முலாம்பழம் ஒருவரும் போடவில்லை. அப்பிள்ளையின் அம்மம்மா ஒரு சுண்டு விதையை மனமுவந்து தந்தார். செட்டிகுளத்துச் சின்னம்மாவின் கதை இரண்டாம் முறையும் நிகழ்ந்தது.

அதன்பின் விதை எடுப்பதற்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். மாலையிலே, மறுநாள் மலரவிருக்கும் பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் நூலினாற் கட்டி மூடுகின்றோம். காலையிலே அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவிலே தொட்டு, மீண்டும் மூடி, காம்பிலே அடையாள நூல் கட்டுகின்றோம். அவ்வாறு தங்கிய பழத்தின் விதையே கடனுக்குரியது. ஒரே கொடியின் விதையோடு நின்றால் பயிர் நாளடைவிலே மெலியும் என்பதால், ஆறு கொடிகளுக்குக் குறையாமல் எடுத்துக் கலக்கின்றோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதனைச் செய்கின்றனர். விஞ்ஞானப் பாடத்திலே மகரந்தச் சேர்க்கையை அவர்களுக்கு இப்போது எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாட்டுக் காய்க்கு இத்துணைப் பாடு தேவையா என்று சிலர் கேட்கலாம். இந்தியாவிலிருந்து அமெரிக்கச் சேகரிப்பிற்குச் சென்ற வெள்ளரி வகையொன்று, அசுவினிப் பூச்சியையும் மஞ்சள் வைரசு நோயொன்றையும் எதிர்க்கும் இயல்புடையது என்று கண்டறிந்து, அவ்வியல்பை உலகின் உயர்ந்த முலாம்பழ வகைகளுள் ஏற்றுவதற்கு விஞ்ஞானிகள் பயன்படுத்தியிருக்கின்றனர். அந்த வகையும் நமது வெள்ளரியின் உடன்பிறப்பே. எவரோ ஓர் ஏழைத்தாய் தன் முற்றத்திலே காத்துவந்த விதையாக அது இருந்திருக்க வேண்டும். நமது கொடியினுள் என்ன வலிமை மறைந்திருக்கின்றதென்று இன்று எவர் அறிவார்? நமது நாட்டிலும் பேராதனை கன்னொறுவையிலே, தாவர விதைகளைக் குளிரறையிற் காக்கும் நிலையம் உண்டு. அது மிக வேண்டியதே. ஆனால் குளிரறையில் உறங்கும் விதைக்குப் பாற்கறியின் பக்குவம் தெரியாது. பழம் வெடிக்கும் நாளை அறியும் கண்ணும் அதற்கில்லை. சமைப்பவர் இல்லாத காயை நடுபவர் இரார். நடுபவர் இல்லாத விதை பெயரளவிலேயே நிற்கும்.

ஆதலால், இவ்வுரையைக் கேட்கும் நேயர்களிடம் ஒன்று மட்டுமே வேண்டுகின்றேன். இம்முறை வீதியோரத்திலே வெள்ளரிப்பழம் வாங்கி உண்டால், விதையை எறிந்துவிடாதீர்கள். கழுவி, உலர்த்தி, வருகின்ற மாசியிலே நான்கு குழிகளில் ஊன்றுங்கள். விளைந்ததைச் சமையுங்கள். அதன் விதையிலே ஒரு பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மறுபாதியை உங்கள் ஊரிலன்றி, வேறோர் ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புங்கள். என்றோ ஒருநாள் உங்கள் பறண் வெறுமையாகும்போது, அவர் ஒரு பொட்டலத்தோடு உங்கள் வாசலுக்கு வருவார்.